உத்திரமேரூர் மண்ணுக்கு எந்த டயர்?

உத்திரமேரூர் வட்டத்தில் ஓடும் ஒரு லோடு வண்டி ஒரே நாளில் பலவிதத் தரைகளை மிதிக்கிறது. காலையில் ஏரிப்பாசன வயலோரம் நெல் மூட்டை ஏற்றப் போனால் களிமண். மதியம் சாலவாக்கம், மதூர் பக்கம் கிரஷரில் ஜல்லி எடுக்கப் போனால் உடைத்த கருங்கல். மாலையில் புக்கத்துறை வழியாகச் செங்கல்பட்டுக்கோ, மறுபக்கம் காஞ்சிபுரத்துக்கோ கிளம்பினால் தார்ச்சாலை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பக்கம் கரையிறங்கினால் ஆற்று மணல்.

இப்படிப்பட்ட வண்டிக்கு டயர் மாற்றும் நாள் வந்தால் கடையில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அண்ணே, பட்டன் நல்லா பெருசா இருக்கறதா எடுத்துப் போடுங்க. சேத்துல மாட்டக் கூடாது." கடைக்காரர் 'ஆல் டெரெய்ன்' என்று எழுதிய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வருவார். எல்லாத் தரைக்கும் ஏற்றது என்று அதன் பெயரே சொல்கிறது. பட்டனும் பெரிது. பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பிடிப்பு முழுக்க டயரின் குணம் என்று நம்புவதால் வரும் அவசரம் இது. டயரும் தரையும் ஒன்றையொன்று பற்றும்போது இரண்டில் எது பலவீனமோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஈரத் தார்ச்சாலையில் ரப்பர் வழுக்குகிறது. சேற்றில் மண்ணே அறுந்து நகர்கிறது. குவாரிப் பாதையில் ரப்பர் பிய்ந்து போகிறது. மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். ஆல் டெரெய்ன் டயர் என்பது இந்த மூன்றுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம். அந்தச் சமரசம் நம் வண்டிக்குத் தேவையா என்பதுதான் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

சேற்றில் அறுவது மண்

மண் தன் வலிமையை இரண்டு வழிகளில் பெறுகிறது. ஒன்று, மணிகளுக்கு இடையிலான உராய்வு. ஆற்று மணலில் இதுதான் எல்லாம். மேலிருந்து அழுத்த அழுத்த மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஒட்டுத்தன்மை. களிமண்ணின் பலம் இதில்தான் இருக்கிறது. மண்ணின் வலிமையை இந்த இரண்டின் கூட்டுத்தொகையாக முதலில் எழுதிக்காட்டியவர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலூம். பள்ளிப் பாடத்தில் மின்னூட்டங்களின் விதிக்குப் பெயர் கொடுத்த அதே கூலூம்தான்.

நீர் நன்றாக ஊறிய களிமண்ணில் ஒரு வினோதம் நடக்கிறது. களித்துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றுக்கு இடையே சிக்கிய நீர் சட்டென்று வெளியேற வழியில்லை. சக்கரம் ஏறி நின்ற அந்த நொடியில் கூடுதல் பாரத்தைத் துகள்களுக்குப் பதிலாக நீரே சுமக்கிறது. அதனால் துகள்களுக்கு இடையிலான உராய்வு கூடுவதில்லை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் தாங்கும் இழுவை அதே அளவில்தான் நிற்கும். 1920களில் கார்ல் டெர்சாகி இதைத் தெளிவுபடுத்திய பிறகுதான் மண்ணியக்கவியல் தனித் துறையாகவே எழுந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலவரம் புரியும். காலி எடை 1,700 கிலோ உள்ள ஒரு பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால், காலியாக நிற்கும்போது பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் சுமார் 375 கிலோதான் இருக்கும். டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோ. டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஒரு சக்கரத்துக்கு 107 சதுர சென்டிமீட்டர். இரண்டு பின்சக்கரங்களுக்கும் சேர்த்து 214.

மென்மையான ஈரக் களிமண்ணின் ஒட்டுவலிமை சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ என்று கொள்வோம். 214-ஐ அதனால் பெருக்கினால் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 53 கிலோ. இதே பின்சக்கரங்கள் காய்ந்த தார்ச்சாலையில் 500 கிலோவுக்கு மேல் இழுக்கும். சேற்றில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அந்த 53 கிலோவை வைத்துக்கொண்டுதான் 1,700 கிலோ வண்டி சேற்றை விலக்கி முன்னே போக வேண்டும்.

இதில் டயரின் பட்டன் எங்கே வருகிறது? பட்டன்கள் மண்ணுக்குள் கடித்து இறங்கி, அறுபடும் தளத்தைக் கொழகொழப்பான மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கீழே இறக்குகின்றன. கீழே இருக்கும் மண் கொஞ்சம் உறுதியானதாக இருந்தால் லாபம். கீழேயும் அதே கொழகொழப்புதான் என்றால் பெரிய பட்டன், பட்டன் அளவு மண் துண்டோடு சேர்ந்து சுழலும்.

புதைவதும் இதே கணக்கில்தான் வருகிறது. சக்கரம் புதையாமல் களிமண் தாங்கக்கூடிய அழுத்தம் அதன் ஒட்டுவலிமையைப் போல் சுமார் ஐந்து மடங்கு. நம் உதாரணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1.3 கிலோ. நம் டயர் அழுத்துவதோ 3.5 கிலோ. ஆகவே சக்கரம் இறங்கித்தான் தீரும். போதுமான பரப்பு கிடைக்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். டிராக்டரின் பெரிய சக்கரத்தில் வழக்கமாக 12 முதல் 16 பி.எஸ்.ஐ. வரைதான் காற்று. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டிய அழுத்தம். பிக்அப் புதைந்த இடத்தில் அதைவிட எடை கூடிய டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போவதற்கு அதன் குதிரைத்திறன் மட்டும் காரணமில்லை.

"பின்னால ரெண்டு பேர் ஏறி நில்லுங்கப்பா" என்பது ஊரில் எல்லோரும் கையாளும் யோசனை. மணலிலும் ஈரத் தாரிலும் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே உராய்வுதான் ராஜா. களிமண்ணில் அவர்கள் எடை டயரைக் கொஞ்சம் தட்டையாக்கிப் பரப்பைக் கூட்டும் அளவுக்கு மட்டுமே உதவும். கூடவே வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கவும் செய்யும். அவர்கள் கீழே இறங்கித் தள்ளுவது பெரும்பாலும் மேல்.

நெல் வயலுக்கென்றே இன்னொரு சங்கதி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்யும் நிலத்தில், மேலே இருக்கும் சேற்றுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இறுகிய மண் தட்டு ஒன்று உருவாகிவிடுகிறது. நாற்றங்காலில் தண்ணீர் நிற்பதும் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று போகம் போகமாக நெல் விளைவதும் இந்தத் தட்டின் தயவால்தான். டயர் தேர்வில் இது ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. சேறு அடியில்லாமல் போனால் அகல டயர் மேல், அது மிதக்கும். கைக்கெட்டும் ஆழத்தில் கெட்டித் தட்டு இருந்தால் ஒடுங்கிய டயர் மேல். அது சேற்றைப் பிளந்து தட்டைத் தொட்டுப் பிடிக்கும். பழைய ஜீப்புகளின் ஒல்லி டயர்கள் சேற்றில் அத்தனை நன்றாக ஏறியது இதனால்தான். வண்டியின் அடிவயிறு தட்டும் ஆழத்துக்குச் சக்கரம் இறங்கிவிட்டால் மட்டும் எந்த அகலமும் உதவாது.

காசில்லாமல் மாறும் டயர்

மேலே போட்ட கணக்கில் நம் கையால் எளிதில் மாற்றக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான்: காற்று. காலி வண்டியின் பின்டயரில் 50 பி.எஸ்.ஐ.யை 25 ஆகக் குறைத்தால் தொடும் பரப்பு 107-லிருந்து 213 சதுர சென்டிமீட்டராகிறது. இழுவை இரட்டிக்கிறது, மண் மீதான அழுத்தம் பாதியாகிறது. எட்டு அடுக்கு (பிளை) வலுவுள்ள விறைப்பான டயரில் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் முழு இரட்டிப்பு கிடைக்காது. ஆனாலும் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பட்டன் டயரும் காற்று மாறாமல் இந்த மாற்றத்தைத் தராது. காற்றைக் குறைக்கும்போது தொடும் பரப்பு அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும். நீண்ட பரப்பு, சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியின் குணம் கொண்டது. ஒரே தடத்தில் கூடுதல் மண்ணைப் பிடித்து இழுக்கும்.

இது போரில் சோதிக்கப்பட்ட உத்தி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா உருவாக்கிய டக் என்ற நீர்நில வாகனத்தில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடலிலிருந்து மணலில் ஏறும்போது காற்றை இறக்கிவிட்டு, சாலையைத் தொட்டதும் ஏற்றிக்கொண்டார்கள். 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் சரக்கு இறக்கிய வாகனங்களில் இவை முக்கியமானவை. சக்கரத்துக்கும் மண்ணுக்குமான இந்த உறவை ஒரு தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். 1956இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் மூலநூல்களில் ஒன்று. பின்னாளில் நிலவில் ஓடிய ஊர்தியின் வேலையிலும் அவர் பங்கு கொண்டார். அந்த ஊர்தியின் சக்கரத்தில் காற்றும் இல்லை, ரப்பரும் இல்லை. கம்பி வலையால் ஆனது. ஆனாலும் அழுத்தினால் தட்டையாகிப் பரப்பைக் கூட்டிக்கொள்ளும் குணம் அதற்கும் இருந்தது.

இறக்கிய காற்றை ஏற்ற மறக்கக் கூடாது என்பதுதான் இந்த உத்திக்கான ஒரே நிபந்தனை. குறைந்த காற்றில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடாகும். பாரத்தோடும் வேகத்தோடும் போனால் அந்தச் சூடு உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைகளையும் ரப்பரையும் பிரித்துவிடும். சேற்றில் குறைத்த காற்றுக்கு வேகம் 20 கிலோமீட்டருக்குள், அதுவும் காலி வண்டியில். தார் ஏறுமுன் மீண்டும் பழைய அளவு. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸரும் நம்பகமான ஒரு காற்றுமானியும் வண்டியில் இருந்தால் போதும்.

காற்றைப் பார்ப்பதிலும் ஒரு பழக்கக் கோளாறு இருக்கிறது. கத்திரி வெயிலில் ஓடி வந்த டயரில் காற்று ஏறியிருக்கும். காலையில் 27 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 57 காட்டும். "காத்து அதிகமா இருக்கு" என்று அப்போது இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் தேவைக்குக் குறைவாகத்தான் இருக்கும். நிறுவனம் சொல்லும் அளவு எப்போதும் குளிர்ந்த டயருக்கானது.

பள்ளத்தைப் பார்க்க வேண்டும்

பட்டனை எல்லோரும் பார்க்கிறார்கள். சேற்றில் வேலை செய்வதோ பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளம். சாதாரண சாலை டயரின் முகத்தில் ஏறத்தாழ கால் பங்கு பள்ளம். ஆல் டெரெய்னில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். சேற்றுக்கென்றே செய்த 'மட் டெரெய்ன்' டயரில் கிட்டத்தட்ட பாதி.

களிமண் வயலில் நடந்தவருக்குத் தெரியும்: நாலடி வைப்பதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பி, கோடுகள் எல்லாம் மறைந்து, வழுக்க ஆரம்பிக்கும். டயருக்கும் அதே கதிதான். பள்ளங்கள் மண்ணால் நிரம்பிவிட்டால் எவ்வளவு பெரிய பட்டனும் மொட்டை டயர்தான். நிரம்பிய மண்ணை உதறுவது சுழற்சி. 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது மண்ணை வெளியே வீசும் முடுக்கம் புவியீர்ப்பில் பாதிக்குச் சற்றே மேல். அப்பிய களிமண் அசையாது. 10 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மடங்குக்கு மேல். 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. சேற்றில் மாட்டியவர்கள் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை அழுத்திச் சக்கரத்தைச் சுற்றவிடும்போது டயர் சில நேரம் பிடித்துக்கொள்வதன் ரகசியம் இதுதான். ஆனால் சுற்றும் சக்கரம் குழியும் தோண்டும். சுற்றி, உதறி, பிடிக்காவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே சேற்றுக்கு வாங்குபவர் பட்டனின் உயரத்தைவிடப் பள்ளத்தின் அகலத்தையும் திறப்பையும் பார்க்க வேண்டும். பள்ளங்கள் தோள்பட்டை வழியாகப் பக்கவாட்டில் வெளியே திறந்திருக்கின்றனவா? உள்ளே குறுகிப் போகாமல் வெளிப்பக்கம் விரிகின்றனவா? நடுவிலேயே மூடிக்கொள்ளும் பள்ளங்கள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். இங்குள்ள களிமண்ணில் இரண்டு சுற்றில் அடைத்துவிடும்.

டயரின் பக்கத்தில் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் சில நேரம் இருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் அமைப்பைப் பார்த்து உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளும் குறி இது. சேற்றில் ஓட்டிச் சோதித்ததற்கான சான்று இல்லை. மலையும் பனிச்செதில் படமும் போட்ட இன்னொரு சின்னம் உண்டு. அது உண்மையான சோதனையில் தேறியதற்கு அடையாளம்தான். ஆனால் சோதித்தது பனியில். உத்திரமேரூரில் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

கருங்கல்லின் விளிம்பு

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறையைச் சேர்ந்தது என்பதால் 1890களில் புவியியலாளர் ஹாலந்து இந்தப் பெயரைச் சூட்டினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை. வெடி வைத்து உடைத்தால் விளிம்புகள் கத்தி போல நிற்கும். கட்டடத்துக்கு இது நல்ல ஜல்லி. டயருக்குப் பெரும் சோதனை.

குவாரிப் பாதையில் டயருக்குச் சேதம் மூன்று வழியில் வருகிறது. பட்டன்களின் ஓரம் சிறு சிறு துண்டுகளாகப் பிய்வது ஒன்று. பக்கச்சுவரில் வெட்டு விழுவது இரண்டாவது. மூன்றாவது மெதுவாக நடப்பது: பள்ளத்தில் மாட்டிய கூர்ஜல்லி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளே குத்தப்பட்டு, நாள்பட அடிவரை துளைத்துக் கம்பிப் பட்டையைத் தொட்டுவிடும். அந்த ஓட்டை வழியே நீர் போனால் கம்பி துருப்பிடிக்கும். வெளியே டயர் நன்றாகத் தெரியும். உள்ளே பட்டை விட்டுக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க நல்ல டயர்களின் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். கல்லை வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. கடையில் டயரை எடுத்தால் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். அவை இருந்தாலும், கிரஷரிலிருந்து வந்த அன்று மாலையில் ஸ்குரூடிரைவரால் கற்களை நெம்பி எடுப்பது டயரின் ஆயுளைக் கூட்டும்.

பிய்வதைத் தாங்குவதில் மரத்திலிருந்து வரும் இயற்கை ரப்பருக்குச் சமமானது அரிது. இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகம்போல இறுகிக்கொள்ளும். கிழிசலின் முனையில்தான் இழுப்பு மிக அதிகம். எனவே கிழிசல் முன்னேற வேண்டிய இடத்திலேயே ரப்பர் கெட்டிப்பட்டு அதைத் தடுக்கிறது. லாரி டயர்களில் இயற்கை ரப்பர் அதிகம் சேர்ப்பதற்கு இதுவே காரணம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பால் வடித்த ரப்பர் டயராகும் இடங்களில் சில இதே மாவட்டத்தில் இருக்கின்றன: ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயரும் சியட்டும். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயருக்கு மாறிய எம்.ஆர்.எஃப். வளர்ந்ததும் பக்கத்துத் திருவொற்றியூரில்தான். சரக்கு வண்டி டயர் வகைகளில் நம் பக்கத்துக் கடைகளில் தேர்வுக்குப் பஞ்சமில்லை.

குவாரிக்கு அதிகம் போகும் வண்டிக்குப் பட்டனுக்கு முன் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். அடுக்குகளின் வலுவைக் குறிக்கும் 'பிளை ரேட்டிங்' 6, 8 என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் அது உண்மையிலேயே பருத்தி அடுக்குகளின் எண்ணிக்கை. இப்போது வலுவின் அளவுகோல் மட்டும். 8 என்று இருந்தால் உள்ளே எட்டு அடுக்கு இருக்காது, ஆனால் எட்டடுக்கின் பலம் இருக்கும்.

மழை நாள் தார்

வண்டியின் பெரும்பாலான கிலோமீட்டர்கள் தார்ச்சாலையில்தான் ஓடுகின்றன. உயிருக்கு ஆபத்தும் அங்கேதான் அதிகம். சேற்றில் மாட்டினால் நேரம் போகும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்காவிட்டால் போவது வேறு.

தாரின் மேற்பரப்பு கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் முழுக்க மேடு பள்ளம். ரப்பர் ஒவ்வொரு மேட்டின் மீதும் ஏறி இறங்கி வடிவம் மாறும்போது கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. அந்த இழப்புதான் ஈரத்தில் நமக்குக் கிடைக்கும் பிடிப்பின் பெரும்பகுதி. ஆகவே மென்மையாக இழைந்து படியும் ரப்பரும், தரையைத் தொடும் பரப்பும், நீர்ப்படலத்தை வெட்டித் துடைக்கும் மெல்லிய கீறல்களும் வேண்டும். ஆல் டெரெய்ன் மூன்றிலும் கொஞ்சம் தோற்கிறது. கல்லைத் தாங்க அதன் ரப்பர் கடினமாக்கப்பட்டிருக்கும். பள்ளம் கூடியதால் தொடும் ரப்பர் குறைவு. உயரமான தனித்தனிப் பட்டன்கள் பிரேக் போடும்போது சாய்ந்து நெளியும். சத்தமும் கூடும், உருள்வதற்கு ஆற்றலும் அதிகம் வாங்கும். அந்த ஆற்றல் டீசல் கணக்கில்தான் ஏறும்.

தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் நீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து அளந்தார்கள். காற்றழுத்தம் குறையக் குறைய அந்த வேகமும் குறையும் என்று கண்டார்கள். அவர்களுடைய சூத்திரத்தின்படி 50 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 118 கிலோமீட்டர், 25 பி.எஸ்.ஐ.க்கு 83. வயலில் இறக்கிய காற்றோடு புக்கத்துறை தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுபவர் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைக்கலாம். பட்டன் தேய்ந்த டயர் இன்னும் முன்பாகவே மிதக்கும். நான்கு சக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் இருக்கும் குறுக்கு மேடு டயர் முகத்தோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள்.

பக்கச்சுவரில் இருக்கும் ஜாதகம்

ஆல் டெரெய்ன் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் பாரக் குறியீடு. '215/75 R15' என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரேடியல் கட்டமைப்பு, 15 அங்குல ரிம். அதைத் தொடர்ந்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்க எண்தான் ஒரு டயர் சுமக்கக்கூடிய பாரம். 100 என்றால் 800 கிலோ. 105 என்றால் 925. 106 என்றால் 950. 112 என்றால் 1,120.

நம் 1,700 கிலோ வண்டியில் அனுமதித்த 1,300 கிலோவை ஏற்றுகிறோம். மொத்தம் 3,000 கிலோவில் பின் அச்சில் சுமார் 1,900 கிலோ வரும். சக்கரத்துக்கு 950. எஸ்.யூ.வி. கார்களுக்காகச் செய்த, பார்க்க முரட்டுத்தனமான ஒரு ஆல் டெரெய்ன் டயரில் 105 என்று இருந்தால், சட்டப்படியான பாரத்திலேயே அது சக்கரத்துக்கு 25 கிலோ குறைவு. நெல் அறுவடை நாளில் கொள்முதல் நிலையத்துக்கு நாலு மூட்டை கூடுதலாகப் போகும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறியீட்டில் உள்ள பாரமும், டயரில் குறித்த முழுக் காற்றையும் அடைத்தால்தான் செல்லும். சரக்கு வண்டிக்கு 'எல்டி' (லைட் டிரக்) வகை டயர்தான் அடிப்படை. பட்டன் வடிவம் அதற்கு அடுத்த பேச்சு.

அளவைக் கூட்டுவதிலும் நிதானம் வேண்டும். 215/75 R15 இருந்த இடத்தில் 235/75 R15 போட்டால் சக்கர விட்டம் சுமார் 704 மில்லிமீட்டரிலிருந்து 734 ஆகும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 52-இல் போகும். தரைக்கு வரும் இழுவிசையும் அதே விகிதத்தில் குறையும். சேற்றுக்காகப் போட்ட டயர் சேற்றிலேயே எஞ்சினைத் திணறவைக்கும். திருப்பத்தில் மட்கார்டில் உரசும் தொந்தரவு தனி.

கடைசியாக, பிறந்த தேதி. நான்கு இலக்கங்கள் ஒரு சிறிய கட்டத்தில் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் ரப்பர் ஆண்டுகளால் இறுகி விரிசல் விடும். தள்ளுபடியில் கிடைக்கும் முரட்டு டயரை வாங்குமுன் இந்த நாலு எண்ணையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்துவிட வேண்டும்.

யாருக்கு எது?

கிலோமீட்டரில் பத்தில் ஒன்பது தார், ஒன்று வயலோர மண் பாதை என்று ஓடும் குட்டி யானை, தோஸ்த் வகை வண்டிகளுக்கு ஆல் டெரெய்ன் தேவையில்லை. பாரக் குறியீடு சரியாக உள்ள எல்டி சாலை டயரும், காற்றுமானியும், சின்ன கம்ப்ரஸரும் போதும். ஆல் டெரெய்னுக்கான கூடுதல் பணத்தில் ஒரு நல்ல ஸ்டெப்னி வாங்கலாம்.

தினமும் கிரஷருக்குப் போகும் வண்டிக்கு எட்டுப் பிளை வலு, தடித்த பக்கச்சுவர், கல் தள்ளும் மேடு உள்ள பள்ளம் என்று பார்க்கலாம். லாரிக்காரர்கள் நெடுங்காலமாக முன்னால் கோடு போட்ட ரிப் டயர், பின்னால் குறுக்குக் கட்டை உள்ள லக் டயர் என்று போட்டு ஓட்டுகிறார்கள். முன்சக்கரம் திரும்ப வேண்டும், பின்சக்கரம் இழுக்க வேண்டும் என்ற வேலைப் பிரிவினை அதில் இருக்கிறது. ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்காதவரை பிக்அப்புக்கும் அந்த முறை பொருந்தும்.

பாதி நாள் மண்ணிலும் பாதி நாள் தாரிலும் ஓடும் பொலேரோ பிக்அப், மாட்டுப்பண்ணைக்கும் தோப்புக்கும் போய்வரும் நான்கு சக்கர இழுவை கொண்ட டி-மேக்ஸ் போன்ற வண்டிகளுக்குத்தான் ஆல் டெரெய்ன் தன் விலைக்கு நியாயம் செய்யும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், எஞ்சின் பாரம் உட்கார்ந்திருக்கும் முன்டயர்களும் மண்ணைப் பிடிப்பதால் இழுக்கும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு எந்த டயர் போட்டாலும் அந்தப் பலம் வராது. மட் டெரெய்ன் டயர் இந்த வட்டத்தில் யாருக்காவது வேண்டுமென்றால், தார் ஏறாமலே நாள் முழுக்க ஓட்டுபவருக்கு மட்டும்தான். அவரிடம் அநேகமாக டிராக்டர் இருக்கும்.

டயர் கடைக்குப் போகுமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை நான்கு விவரங்கள்: முழுப் பாரத்தில் பின் அச்சில் வரும் எடை, வாரத்தில் எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றளவு, பழைய டயர் எங்கே எப்படித் தேய்ந்தது என்பது. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்; இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு; ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்; பட்டன் ஓரங்கள் பிய்ந்திருந்தால் கல். இந்த நாலையும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு டயரை உருட்டிக்கொண்டு வரக்கூடும். அது பார்க்க அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது, விலையும் பல நேரம் குறைவாகவே இருக்கும்.